கோழியின் காலைக் கொஞ்சம் பாருங்கள்!



உங்கள் வீட்டில் கோழி வளர்க்கிறீர்களா? அல்லது கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறீர்களா? இரண்டும் இல்லையென்றாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டிலோ, பாட்டி ஊரிலோ ஒரு கோழியையாவது பார்த்திருப்பீர்கள்.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. கோழியின் கொண்டை என்ன நிறம்? "சிவப்பு!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுவீர்கள். சேவலின் வால் எப்படி இருக்கும்? அதையும் அழகாகப் படம் வரைந்தே காட்டிவிடுவீர்கள். சரி, கோழியின் கால் எப்படி இருக்கும்?

கொஞ்சம் யோசிக்கிறீர்கள் அல்லவா? நாம் எல்லோருமே அப்படித்தான். பறவை என்றால் அலகைப் பார்ப்போம், இறகைப் பார்ப்போம். காலைப் பார்க்க மாட்டோம். நானும் ஒரு காலத்தில் பார்க்கத் தெரியாமல் இருந்தவள்தான். அதனால் ஒரு கோழி பட்ட வேதனையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

சாம்பலின் கதை

எனக்கு அப்போது பத்து வயது. கோடை விடுமுறை விட்டால் அப்பத்தா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டைக்கோழி இருந்தது. அதற்குப் பெயரும் 'சாம்பல்'தான். நான் போனதும் என் பின்னாலேயே வரும். கையில் கம்பு தானியத்தை வைத்து நீட்டினால் பயப்படாமல் கொத்தித் தின்னும்.

ஒரு வருடம் போனபோது அதன் கால்கள் விநோதமாக இருந்தன. சுண்ணாம்பைக் குழைத்துப் பூசியதுபோல வெள்ளை வெள்ளையாக, தடித்துப் போய்க் கிடந்தன. "ஏன் அப்பத்தா இது கால் இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கு வயசாகிப் போச்சு ஆத்தா. என் காலைப் பாரு, இதுவும்தான் வெடிச்சுக் கிடக்கு!" என்று தன் குதிகாலைக் காட்டினார் அப்பத்தா. இருவரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த வருடம் சாம்பல் நொண்டி நொண்டி நடந்தது. ஒரு விரலின் நுனியே இல்லை. குப்பைமேட்டில் மற்ற கோழிகள் கிளறித் தின்ன, இது ஓரமாக ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கடுத்த கோடையில் சாம்பல் இல்லை.

வயதாகிவிட்டது, போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அது தவறு என்று எனக்குத் தெரிய முப்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று! அதுவும் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவியால்தான் தெரிந்தது.

"விற்றுவிடப் போகிறார்கள் டீச்சர்!"

ஒருநாள் அந்தப் பெண் வகுப்பில் அழுதுகொண்டே இருந்தாள். கூப்பிட்டு விசாரித்தேன்.

"எங்க கோழிக்குக் கால் கெட்டுப் போச்சு டீச்சர். கறிக்கடையில வித்துரலாம்னு அப்பா சொல்றாரு" என்றாள்.

அது அவளுடைய மாமா வாங்கித் தந்த கோழி. அதன் முட்டைகளை விற்றுத்தான் அவள் நோட்டு, பேனா எல்லாம் வாங்குவாள். "கால் எப்படிக் கெட்டுப் போச்சு?" என்று கேட்டேன். "சுண்ணாம்பு பூசுன மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள்.

எனக்குச் சாம்பல் நினைவு வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை அவளையும், அவள் அம்மாவையும், ஒரு கூடையில் கோழியையும் அழைத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம்.

டாக்டர் கோழியின் காலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வயசுக் கோளாறு இல்லை. செதில் கால் நோய். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி செய்கிற வேலை. குணப்படுத்திவிடலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் சாம்பலையும் குணப்படுத்தியிருக்கலாமே!

அன்று அந்த டாக்டர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஓடு வேய்ந்த கால்

முதலில் நல்ல கால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வோம். அது தெரிந்தால்தானே கெட்ட காலை அடையாளம் காண முடியும்?

கோழியின் காலில் இறகு இல்லாத பகுதியைப் பாருங்கள். வரிசை வரிசையாகச் செதில்கள் இருக்கும். ஓட்டு வீட்டுக் கூரையில் ஒன்றையொன்று தழுவியபடி ஓடுகளை அடுக்கியிருப்பார்களே, அதுபோல! ஆரோக்கியமான கோழிக்கு இந்தச் செதில்கள் வழவழப்பாக, பளபளப்பாக, தோலோடு ஒட்டிப் படிந்து இருக்கும். விரலால் தடவினால் எங்கும் தட்டாது.

இந்தச் செதில்கள் கெரட்டின் என்ற பொருளால் ஆனவை. நம்முடைய நகமும் முடியும்கூடக் கெரட்டினால் ஆனவைதான்.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? 'கோழியின் முட்டி பின்பக்கமாக மடங்குகிறது' என்று சிலர் சொல்வார்கள். அது முட்டியே அல்ல, கணுக்கால்! கோழியின் உண்மையான முட்டி மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. கணுக்காலுக்குக் கீழே செதிலோடு தெரிவது எல்லாம் அதன் பாதம். அதாவது, கோழி எப்போதும் விரல்களை மட்டும் ஊன்றித்தான் நடக்கிறது. அந்த விரல்களில் புண் வந்தால் ஒவ்வொரு அடியும் வேதனைதானே?

யார் இந்தப் பூச்சி?

'பூச்சி' என்று பேச்சு வழக்கில் சொன்னாலும், இது உண்மையில் பூச்சி இனமே அல்ல. பூச்சிக்கு ஆறு கால்கள். வளர்ந்த சிற்றுண்ணிக்கு எட்டுக் கால்கள். அதனால் இது சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவுக்காரன்! மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டிருக்குமே உண்ணி, அதுவும் இந்தக் கூட்டம்தான். உண்ணியைக் கண்ணால் பார்க்கலாம். இது மிகவும் சிறியது. ஆங்கிலத்தில் 'மைட்' என்பார்கள். நாம் சிற்றுண்ணி என்று அழைப்போம்.

எவ்வளவு சிறியது? உங்கள் அளவுகோலை எடுங்கள். அதில் இரண்டு மில்லிமீட்டர் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்த இடத்துக்குள் இரண்டு சிற்றுண்ணிகள் அருகருகே படுத்துக்கொள்ளலாம். இருப்பதில் பெரியதே அரை மில்லிமீட்டருக்கு மேல் வளராது!

கோழியின் காலைப் பிடிக்கும் சிற்றுண்ணிக்கு அறிவியல் பெயர் 'நெமிடோகாப்டெஸ் மியூட்டன்ஸ்'. வாய்க்குள் நுழையவில்லையா? கவலை வேண்டாம். அதன் முதல் சொல் கீழ்க்கால், வெட்டுதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. 'காலைக் குடைபவன்' என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தமான பெயர்தானே?

செதிலுக்கு அடியில் ஒரு வீடு

இந்தச் சிற்றுண்ணி ரத்தம் குடிப்பதில்லை. செதிலுக்கு அடியில் புகுந்து, தோலைக் குடைந்து சுரங்கம் போடுகிறது. கெரட்டினைத்தான் தின்கிறது. உணவும் வீடும் ஒரே இடத்தில்!

பெண் சிற்றுண்ணி முட்டையை வெளியே இடுவதில்லை. முட்டை அதன் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குஞ்சாகவே வெளியே வருகிறது. அந்தக் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்கள்தான் இருக்கும். வளர்ந்த பிறகுதான் எட்டு ஆகும். பிறப்பது, வளர்வது, குஞ்சு ஈனுவது, சாவது எல்லாமே அந்தப் பறவையின் உடம்பிலேயே நடந்துவிடுகின்றன.

உள்ளே இப்படிக் குடைந்தால் கோழியின் தோல் சும்மா இருக்குமா? தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மேலும் மேலும் கெரட்டினை உண்டாக்குகிறது. தோலிலிருந்து நீரும் கசிகிறது. கசிந்த நீர், உதிர்ந்த தோல், சிற்றுண்ணிகளின் கழிவு எல்லாம் சேர்ந்து செதிலுக்கு அடியில் இறுகுகின்றன. அதனால் செதில் மெல்லத் தூக்கிக்கொள்கிறது. கூரை ஓட்டுக்கு அடியில் யாரோ கல்லைச் செருகியதுபோல! சாம்பலின் காலில் நான் பார்த்த 'சுண்ணாம்பு' இதுதான்.

பெரும்பாலும் விரல்களில் தொடங்கி மேலே மேலே ஏறும். கவனிக்காமல் விட்டால் கால் தடித்து, கோழி நொண்டும். சரியாக நடக்க முடியாததால் இரை தேட முடியாது. உடல் மெலியும், முட்டை குறையும். நோய் முற்றினால் விரல்களே உதிர்ந்துவிடலாம். வயதான கோழிகளிடம்தான் இந்த நோய் அதிகம் தெரியும். அதனால்தான் அப்பத்தாவைப் போல எத்தனையோ பேர் 'வயசாகிவிட்டது' என்று ஏமாந்து போகிறார்கள்.

எப்படித் தொற்றும்?

சிற்றுண்ணிக்கு இறக்கை இல்லை. குதிக்கவும் தெரியாது. குட்டைக் கால்களால் மெதுவாக ஊர்ந்துதான் செல்லும். ஆகவே ஒரு பறவையும் இன்னொரு பறவையும் நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் இது சுலபமாகத் தாவ முடியும்.

கோழிகள் எப்போது அப்படி இருக்கும்? இரவில் கூட்டில் நெருக்கியடித்து அடையும்போது! தாய்க்கோழி குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொள்ளும்போது! நோயுள்ள கோழி உட்கார்ந்த கம்பு, கூட்டுத் தரை ஆகியவற்றிலிருந்தும் தொற்றலாம்.

ஒரே கூட்டில் பத்துக் கோழிகள் இருந்தாலும் இரண்டுக்கு மட்டும் கால் மோசமாக இருக்கும். மற்றவை நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் அவற்றின் காலிலும் ஒன்றிரண்டு சிற்றுண்ணிகள் ஒளிந்திருக்கக்கூடும். ஆகவே, ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும்.

நமக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்படாதீர்கள். இந்தச் சிற்றுண்ணி பறவைகளிடம் மட்டுமே வாழும். மனிதர்களின் காலைப் பிடிக்காது. ஆனாலும் கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அது எப்போதும் உள்ள விதி!

லவ் பேர்ட்ஸுக்கு மூக்கில் வரும்!

நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிறார்களே, பச்சையும் மஞ்சளும் நீலமுமாகச் சின்னக் கிளிகள், அவற்றின் உண்மையான பெயர் பட்ஜெரிகர். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. ஜான் கோல்டு என்ற பறவையியல் அறிஞர் 1840-ஆம் ஆண்டு இவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அதன் பிறகு உலகம் முழுவதும் வீட்டுக் கூண்டுகளில் குடியேறிவிட்டன. உண்மையான லவ் பேர்ட் வேறு. அது ஆப்பிரிக்கக் கிளி.

பட்ஜெரிகரைப் பிடிக்கும் சிற்றுண்ணி கோழிச் சிற்றுண்ணியின் ஒன்றுவிட்ட தம்பி. பெயர் 'நெமிடோகாப்டெஸ் பைலே'. இது காலில் மட்டுமல்ல, முகத்திலும் வரும். அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் உள்ள மெத்தென்ற பகுதியில் முதலில் வெள்ளைப் பொடி தூவியதுபோலத் தெரியும். பிறகு அலகின் ஓரம், கண்ணைச் சுற்றி, கால் எனப் பரவும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பொருக்கில் தேன்கூட்டைப் போலக் குட்டிக் குட்டித் துளைகள் இருக்கும். எல்லாம் சிற்றுண்ணி போட்ட துளைகள்!

பெரும்பாலும் குஞ்சாக இருக்கும்போதே தாய் தந்தையிடமிருந்து தொற்றிவிடுகிறது. மாதக்கணக்கில் வெளியே தெரியாமலும் இருக்கும். பறவைக்கு உடல்நலம் குன்றும்போது திடீரெனத் தலைகாட்டும். நாள்பட விட்டால் அலகு வளரும் இடமே பாதிக்கப்பட்டு, அலகு கோணலாகிவிடும். கோணல் அலகால் தினையை எப்படி உடைத்துத் தின்னும்? சிற்றுண்ணியை ஒழித்த பிறகும் சில பறவைகளுக்கு அந்தக் கோணல் போகாது. எனவே தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. பெண் பட்ஜெரிகருக்கு முட்டையிடும் பருவத்தில் மூக்குப் பகுதி பழுப்பு நிறமாகித் தடிப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். துளைகளோடு கூடிய வெள்ளைப் பொருக்குதான் ஆபத்து.

ஊசி முனையில் ஒரு கண்டுபிடிப்பு

மனிதர்களுக்கும் இதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. விரல் இடுக்கில் வந்து இரவெல்லாம் சொறிய வைக்கும் சிரங்கு இருக்கிறதே, அதுவும் ஒரு சிற்றுண்ணியால் வருவதுதான்.

அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவர்கள், உடம்பில் உள்ள நீர் கெட்டுப் போவதால்தான் சிரங்கு வருகிறது என்று நம்பினார்கள். இத்தாலியைச் சேர்ந்த போனோமோ என்ற மருத்துவருக்கும், செஸ்டோனி என்ற மருந்து தயாரிப்பாளருக்கும் அதில் சந்தேகம் வந்தது. ஏன் தெரியுமா? ஏழைத் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளின் சிரங்கிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் அதை வாங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஆமை வடிவத்தில் ஒரு குட்டி உயிர் ஊர்ந்தது! இந்தச் செய்தியை அவர்கள் 1687-ஆம் ஆண்டு ஒரு கடிதமாக வெளியிட்டார்கள். கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத ஒரு குட்டி உயிர் நோயை உண்டாக்கும் என்று காட்டிய மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று.

பெரிய புத்தகங்களில் இல்லாததை அந்தத் தாய்மார்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உற்றுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்!

மண்ணிலிருந்து வந்த மருந்து

இப்போது ஜப்பானுக்குப் போவோம். அங்கே சத்தோஷி ஓமுரா என்ற விஞ்ஞானி இருக்கிறார். எங்கே போனாலும் ஒரு சிறிய பிளாஸ்டிக் பையைக் கையோடு கொண்டு போவார். எதற்கு? மண் எடுக்க! மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து மருந்து கிடைக்குமா என்று ஆராய்வது அவர் வேலை.

1970-களில் இட்டோ நகரத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் அவருக்கு ஒரு புதுமையான நுண்ணுயிர் கிடைத்தது. அதை அமெரிக்காவில் இருந்த வில்லியம் கேம்பல் என்ற விஞ்ஞானியின் குழுவுக்கு அனுப்பினார். அவர்கள் ஆராய்ந்தபோது அது சுரக்கும் பொருள் புழுக்களையும் உண்ணிகளையும் அழிப்பது தெரிந்தது. அதைச் செம்மைப்படுத்தி உருவாக்கியதுதான் 'ஐவர்மெக்டின்' என்ற மருந்து.

முதலில் கால்நடைகளுக்குப் பயன்பட்ட இந்த மருந்து, பிறகு மனிதர்களுக்கும் பயன்பட்டது. ஆப்பிரிக்காவில் பார்வையைப் பறிக்கும் ஒரு புழு நோய்க்கும், நாம் அறிந்த யானைக்கால் நோயை ஒழிக்கும் முயற்சிக்கும் இது கைகொடுக்கிறது. 2015-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஓமுராவும் கேம்பலும், மலேரியா மருந்து கண்டுபிடித்த சீனப் பெண் விஞ்ஞானி தூ யூயூவுடன் பகிர்ந்துகொண்டார்கள்.

செதில் கால் நோய்க்கும் டாக்டர்கள் பெரும்பாலும் கொடுப்பது இந்த மருந்தைத்தான். ஆனால் கடையில் வாங்கி நாமே கொடுத்துவிடக் கூடாது! மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஒரு பட்ஜெரிகரின் எடை 30 முதல் 40 கிராம்தான். மாட்டுக்குக் கொடுக்கும் மருந்தை இதற்குக் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தாலும் உயிருக்கே ஆபத்து. முட்டையிடும் கோழிக்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாள் அதன் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கால் தடித்திருந்தாலே சிற்றுண்ணி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். சத்துக் குறைவாலும் பாதப் புண்ணாலும்கூடக் கால் கெடலாம். பொருக்கைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உறுதியாகிவிடும். அன்று அந்த டாக்டர் கொஞ்சம் பொருக்கைச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெயில் வைத்து, மருந்தகத்தில் இருந்த பழைய நுண்ணோக்கியில் என் மாணவியைப் பார்க்கச் சொன்னார். "டீச்சர், அது நகருது!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூடைக்குள் இருந்த கோழியே மிரண்டுவிட்டது!

வீட்டில் என்ன செய்யலாம்?

கோழிக்கு இந்த நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு, பெரியவர்கள் துணையோடு இவற்றைச் செய்யலாம்.

* வெதுவெதுப்பான தண்ணீரில் கோழியின் கால்களைச் சில நிமிடங்கள் ஊற வையுங்கள். பொருக்கு இளகும்.

* பழைய, மெத்தென்ற பல்துலக்கியில் சோப்பு நீர் தொட்டு இலேசாகத் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள்.

* காலில் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இந்தச் சிற்றுண்ணிக்கு நுரையீரல் இல்லை. தோல் வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். எண்ணெய்ப் பசை மூடிவிட்டால் மூச்சுத் திணறிச் சாகும். இதை டாக்டர் சொல்லும் நாள்வரை விடாமல் செய்ய வேண்டும்.

* இறகில் எண்ணெய் படக் கூடாது. அடைகாக்கும் கோழிக்குத் தடவவே கூடாது. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண் துளைகள் உண்டு. அவற்றில் எண்ணெய் அடைத்தால் உள்ளே இருக்கும் குஞ்சுக்குக் காற்று கிடைக்காது.

* கூட்டையும் உட்காரும் கம்புகளையும் நன்றாகச் சுத்தம் செய்து வெயிலில் காய வையுங்கள்.

* புதிதாக வாங்கும் பறவையை ஒரு மாதம் தனியாக வைத்துக் கவனித்த பிறகு மற்றவற்றோடு சேருங்கள்.

லவ் பேர்ட்ஸுக்கு நீங்களாக எதையும் தடவ வேண்டாம். அவை மிகச் சிறியவை. நேராக டாக்டரிடம் கொண்டு போங்கள்.

இவற்றைச் செய்யவே கூடாது!

* பொருக்கைப் பிய்த்து எடுக்கக் கூடாது. கீழே உயிருள்ள தோல் இருக்கிறது. ரத்தம் வரும். உங்கள் நகத்தை யாராவது பிடுங்கினால் எப்படி இருக்கும்?

* சிலர் மண்ணெண்ணெய், டீசல், வண்டியில் மாற்றிய பழைய ஆயில் ஆகியவற்றைத் தடவுவார்கள். அவை தோலைப் பொசுக்கும். பறவைக்கு விஷமும் ஆகும்.

* இரண்டு நாளில் குணமாகவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. சிற்றுண்ணி செத்தாலும் பழைய செதில் உதிர்ந்து புதுச் செதில் வரப் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகும்.

பிறகு என்ன ஆயிற்று?

என் மாணவியின் கோழியைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! டாக்டர் மருந்து கொடுத்தார். சில நாட்கள் கழித்து மறுபடியும் வரச் சொல்லி மீண்டும் கொடுத்தார். தினமும் பள்ளி விட்டுப் போனதும் அவள் கோழியை மடியில் வைத்து, அம்மா பிடித்துக்கொள்ள, காலைக் கழுவி எண்ணெய் தடவினாள். முதல் மாதத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. "இன்னும் நொண்டுது டீச்சர்" என்பாள். "விடாமல் செய்" என்பேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த அன்று ஓடிவந்தாள். கையில் ஒரு முட்டை! "மறுபடியும் முட்டை வச்சிருச்சு டீச்சர். இது உங்களுக்கு" என்றாள். "டாக்டர் முட்டை சாப்பிடலாம்னு சொல்லிட்டாரா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ கேட்டாச்சு டீச்சர்!" என்று சிரித்தாள். அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய்க் கோழியின் காலைப் பார்த்தேன். ஓரிரு செதில்கள் கோணலாகத்தான் இருந்தன. ஆனால் மஞ்சளாக, வழவழப்பாகப் புதுச் செதில்கள் வந்திருந்தன. அவளுடைய அப்பா, "இது வயசுன்னு நினைச்சு விக்கப் பார்த்தேன் டீச்சர்" என்றார். "நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

உங்களுக்கு ஒரு வேலை தரட்டுமா? வீட்டில் கோழியோ, கூண்டுப் பறவையோ இருந்தால் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், அதன் கால்களைப் பாருங்கள். செதில் படிந்திருக்கிறதா, தூக்கியிருக்கிறதா? வெள்ளைப் பொடி இருக்கிறதா? விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா? ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். சந்தேகம் வந்தால் அப்பா அம்மாவிடம் சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பறவைக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

சரியா, தவறா?

1. சிற்றுண்ணி ஒரு பூச்சி.
2. செதில் கால் நோய் மனிதர்களுக்கும் தொற்றும்.
3. கோழி விரல்களை மட்டும் ஊன்றித்தான் நடக்கிறது.
4. நோய்ப் பொருக்கைப் பிய்த்து எடுத்தால் சீக்கிரம் குணமாகும்.
5. பட்ஜெரிகரின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா.

விடைகள்: 1. தவறு 2. தவறு 3. சரி 4. தவறு 5. சரி

ஐந்துக்கு ஐந்து வாங்கினீர்களா? சபாஷ்! இந்த வாரமே உங்கள் கோழியின் காலைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள், சரியா?